ரோஜாவில் அழித்த பதினேழு புள்ளிகள்

சென்ற தை மாதம், எங்கள் பழைய கலர் லேபில் வேலை பார்த்தவர்கள் ஒரு மண்டபத்தில் கூடிச் சாப்பிட்டோம். பாதிப் பேருக்கு முடி இல்லை, மீதிப் பேருக்குச் சர்க்கரை. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளில் ஒருத்தி போனை நீட்டிக் காட்டினாள். "பாருங்கக்கா, படம் எடுக்கையிலயே மூஞ்சி தன்னால வெள்ளையாகுது. நீங்கள்லாம் அந்தக் காலத்துல நாள் முழுக்க உக்காந்து அப்படி என்னதான் பண்ணீங்க? பண்ணதுலயே பெரிய வேல எது?"

ஏதாவது மந்திரி கட்-அவுட், கோயில் கும்பாபிஷேகப் படம் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாள். "வானத்துல இருந்த பதினேழு மேகத்த அழிச்சேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருக்கலாம். அது உண்மைதான். மேகத்தை அழித்ததும் உண்மைதான். அதை எழுதித் தரச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

என் படிப்பு பிளஸ் டூ. இயற்பியலில் தோற்றுப்போன பிளஸ் டூ. சிம்மக்கல்லில் இருந்த லேபில் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த ஆயுதம் மூன்று முடி மட்டுமே உள்ள ஒரு தூரிகை. பிரிண்டில் தூசி விழுந்த இடம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியில் சாயத்தைத் தொட்டு வைத்து மறைக்க வேண்டும். பத்து வருஷம் அதைச் செய்தேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, தூரிகை போய் மவுஸ் வந்தது, வேலை அப்படியே இருந்தது. மணப்பெண்ணின் பருவை எடுத்தேன். மாப்பிள்ளையின் வழுக்கையில் முடி நட்டேன். மூடிய கண்களைத் திறந்தேன். கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோன அப்பாவை வேறு படத்திலிருந்து வெட்டிக் கொண்டுவந்து மணமேடையில் நிற்க வைத்து அட்சதை போட வைத்தேன். மதுரையில் பல வீட்டுச் சுவர்களில் நான் சொன்ன பொய்கள் கண்ணாடி போட்டுத் தொங்குகின்றன.

எங்கள் லேபின் பொறுப்பாளர் காதர் பாய். மெலிந்த மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை. யாரையும் திட்டமாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாக என்னை "பாண்டிம்மா" என்பார். "பாண்டியம்மாள் அவர்களே" என்றால் அன்று சாப்பாடு இறங்காது.

அவர் பிரிண்ட் பார்க்கும் விதம் தனி. டியூப் லைட்டில் பார்க்கவே மாட்டார். ஈரம் காய்ந்ததும் வாசலுக்கு எடுத்துப் போவார். டவுன் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் தெருவோரம், நிழலும் இல்லாமல் நேர் வெயிலும் இல்லாமல் ஓர் இடம் வைத்திருந்தார். அங்கே நின்று படத்தைத் தலைகீழாகப் பிடிப்பார். நேராகப் பிடித்தால் கண் முகத்தைப் பார்த்துவிடுமாம், முகம் ஆளை ஏமாற்றிவிடுமாம். தலைகீழாகப் பிடித்தால்தான் நிறம் மட்டும் தெரியும் என்பார். பிறகு சாம்பல் நிற அட்டை ஒன்றைப் படத்தின் பக்கத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். "பச்சை ரெண்டு சொட்டு அதிகம்." அவ்வளவுதான். உள்ளே போய் அளந்து பார்த்தால் அப்படியே இருக்கும்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஒருநாள் காலை ஜெகநாதன் சார் வந்தார். கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் மூன்று தலைமுறையாகச் சாயப்பட்டறை. கையில் ஒரு சி.டி.

"நெபுலா படம். வானத்துல இருக்கற வாயு மேகம்" என்றார். "திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கிழக்க, ரோஜாப்பூ மாதிரி வட்டமா இருக்கும். திருவாதவூர்ல ஒரு நண்பரோட தோட்டத்துல டெலஸ்கோப் வச்சு இந்த சீசன் முழுக்க எடுத்தேன். கலர் சேர்த்துத் தரணும். பெரிசா பிரிண்ட் போடணும்."

"நீங்களே சேக்கலாமே சார்?"

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான் மேடம். பட்டறையில என்னைய அண்டவிட மாட்டாங்க. அதனாலதான் பிசிக்ஸ் படிக்கப் போனேன்."

நான் இயற்பியலால் விரட்டப்பட்டவள், அவர் நிறத்தால் விரட்டப்பட்டவர். பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேலையை என்னிடம் கொடுத்தார்.

சி.டி.யைப் போட்டேன். ஐந்து படங்கள். ஐந்தும் கறுப்பு. வெறும் கறுப்பு. கல்லூரிக்குப் போன் போட்டேன்.

"சார், படம் விழவே இல்ல. லென்ஸ் மூடியக் கழட்டுனீங்களா?"

அவர் பொறுமையாகச் சொன்னார். "வெளிச்சம் எல்லாம் அடியில கிடக்கும்மா. இழுக்கணும்."

இருட்டான பகுதியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்கு இழுத்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாம் தடவையில் திரையின் நடுவில் புகை மாதிரி ஒரு வளையம் எழுந்து வந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள். ஆனால் என் கண் அந்த வளையத்தில் நிற்கவில்லை. பல வருஷப் பழக்கம். படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள்! இவ்வளவு தூசியோடு ஒரு படத்தை நான் பார்த்ததே இல்லை. பாவம், தோட்டத்தில் வைத்து எடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு துடைக்க ஆரம்பித்தேன்.

மாலையில் சார் வந்து பார்த்தபோது வலது மேல் மூலை முழுவதும் வழுவழுவென்று இருந்தது.

"இங்க இருந்த நட்சத்திரமெல்லாம் எங்கம்மா?"

"தொடச்சுட்டேன் சார்" என்றேன், பெருமையாக.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாய் உள்ளேயிருந்து வந்தார். "பாண்டியம்மாள் அவர்களே, சாருக்கு ஒரு டீ சொல்லுங்க."

மூலப் படம் சி.டி.யில் பத்திரமாக இருந்ததால் அன்று பிழைத்தேன். வெள்ளைப் புள்ளியில் கை வைக்கக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன்.

சார் அந்த ஐந்து படங்களும் என்ன என்று விளக்கினார். அவருடைய கேமராவுக்குக் கறுப்பு வெள்ளைதான் தெரியும். முன்னால் சிவப்புக் கண்ணாடி போட்டு ஒன்று, பச்சை போட்டு ஒன்று, நீலம் போட்டு ஒன்று. இந்த மூன்றையும் சேர்த்தால் சாதாரண வண்ணப் படம். நாலாவது, ஹைட்ரஜன் விடுகிற ஒரே ஒரு சிவப்பை மட்டும் உள்ளே விட்டு மற்றதையெல்லாம் தடுக்கிற கண்ணாடி. ஐந்தாவது, ஆக்சிஜனின் நீலப்பச்சையை மட்டும் விடுவது. "ஊர் விளக்கு வெளிச்சத்த இது ரெண்டும் முக்கால்வாசி உள்ள விடாதும்மா. மேகம் மட்டும் நிக்கும்" என்றார். ஒவ்வொன்றும் ஐந்தைந்து நிமிஷமாகப் பலமுறை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி பார்த்தது. அந்த வேலையை எல்லாம் அவரே முடித்திருந்தார். மிச்சம் என் பாடு.

முதலில் மதுரையை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. சாதாரண வண்ணப் படங்கள் மூன்றிலும் ஒரு ஓரத்தில் ஊர் வெளிச்சம் பழுப்பாக ஏறியிருந்தது. கல்யாண குரூப் போட்டோவில் பிளாஷ் ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். நட்சத்திரமும் மேகமும் இல்லாத இடங்களாகப் பார்த்து வெளிச்சத்தை அளந்து, அந்தச் சாய்வை மட்டும் தனிப் படமாக்கி, மூலத்திலிருந்து கழித்தேன். வானம் எல்லாப் பக்கமும் ஒரே இருட்டானது.

பிறகு ஹைட்ரஜன் படத்தை எடுத்தேன். சிவப்புக் கண்ணாடிப் படத்தில் ரோஜா மங்கல், ஹைட்ரஜன் படத்தில் ஜொலிப்பு. எனவே சிவப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் ஹைட்ரஜனை வைத்தேன். மேகம் தீப்பிடித்தது. ஆனால் நட்சத்திரங்களைச் சுற்றி எல்லாம் நீலப்பச்சை வளையம். சுவரொட்டியில் நிறம் விலகி, நடிகையின் உதட்டுச் சாயம் கன்னத்தில் அச்சாகுமே, அந்த மாதிரி என்று நினைத்து இரண்டு நாள் படத்தை இடமும் வலமும் நகர்த்திக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் சரியானால் அந்தப் பக்கம் போகும்.

மூன்றாம் நாள் ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி இரண்டு படத்திலும் அளந்து பார்த்தபோதுதான் புத்தி வந்தது. விலகவில்லை. ஒரே நிறத்தை மட்டும் விடுகிற கண்ணாடி வழியாக நட்சத்திரம் சின்னதாக விழுந்திருக்கிறது. ஓரத்தில் சிவப்பு போதாததால் பச்சையும் நீலமும் வெளியே எட்டிப் பார்க்கின்றன. பதில் எளிதானது. சிவப்பைத் தூக்கி எறியவே கூடாது. முதலில் இரண்டு படத்தின் வெளிச்ச அளவையும் சமப்படுத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டில் எது பிரகாசமோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். நட்சத்திரம் வருகிற இடத்தில் பழைய சிவப்பு ஜெயிக்கும், மேகம் வருகிற இடத்தில் ஹைட்ரஜன் ஜெயிக்கும். ஆக்சிஜனையும் அதே முறையில் பச்சைக்கும் நீலத்துக்கும் பிரித்துக் கொடுத்தேன். பூவின் உள்வட்டத்தில் மெல்லிய நீலம் பரவியது. வளையங்கள் போய்விட்டன.

சின்ன பிரிண்ட் போட்டு பாயிடம் கொடுத்தேன். வாசலுக்குப் போனார். தலைகீழாகப் பிடித்தார். அட்டையை வைத்தார்.

"சிவப்பு கல்யாண மண்டபமா இருக்கு" என்றார். குறைத்தேன்.

"வானம் தார் ஊத்துன மாதிரி இருக்கு. கறுப்பு வேற, இருட்டு வேறம்மா. இருட்டுக்குள்ள கொஞ்சம் மூச்சு இருக்கணும்." ஏற்றினேன்.

மூன்றாவது பிரிண்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் எங்கள் லேபில் பரிசு. ஜெகநாதன் சாரும் பார்த்துத் தலையாட்டினார். போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். "கேமரா கண்ணாடியில தூசி இருந்தா படத்துல கறுப்பா விழும்மா. எல்லாத்தையும் கழிச்சுட்டேன். ஒண்ணு ரெண்டு மிச்சம் இருந்தாலும் இருக்கும்."

அந்த வார்த்தையை அவர் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.

கல்லூரி அறிவியல் கண்காட்சிக்கு நான்கடி அகலத்தில் பிரிண்ட். அவ்வளவு பெரிதாக்கியபோது, ரோஜாவின் இதழ்களுக்கு மேலே சின்னச் சின்னக் கறுப்புத் துணுக்குகள் வரிசையாகத் தெரிந்தன. சின்ன பிரிண்டில் கண்ணுக்கே படாதவை. ஆகா, சார் சொன்ன தூசி! அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்காமல் செய்து கொடுத்துச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்தேன். வெள்ளைப் புள்ளி ஒன்றைக்கூடத் தொடாமல், கறுப்புத் துணுக்குகளை மட்டும் பக்கத்து மேகத்தை எடுத்து வைத்து மூடினேன். பதினேழு. எண்ணிக்கொண்டே செய்வது என் வழக்கம். மணப்பெண் முகத்தில்கூட அவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை.

கண்காட்சியைத் திறந்து வைக்க ஒரு வானியல் அறிஞர் வந்திருந்தார். ஐம்பது வயதுள்ள அம்மையார், பருத்திப் புடவை, மிடுக்கான நடை. கல்லூரி மாடியில் ஒரு நிரந்தரத் தொலைநோக்கி மேடை வேண்டும் என்று ஜெகநாதன் சார் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஒரு வார்த்தை நல்லதாக எழுதிக் கொடுத்தால் கல்லூரி முதல்வர் சம்மதிப்பார் என்ற நிலை. எங்களையும் அழைத்திருந்தார்கள். நானும் பாயும் ஓரமாக நின்று வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த அம்மா படத்தின் முன் வெகுநேரம் நின்றார். கீழே சார் எழுதி ஒட்டியிருந்த குறிப்பைப் படித்தார். அதில், இதழ்கள் மேல் தெரியும் கறுப்புத் திட்டுகளைக் கவனியுங்கள் என்று எழுதியிருந்தது.

"எங்கே?" என்றார்.

சார் படத்தைப் பார்த்தார். விரல் வைத்துத் தேடினார்.

"ஜெகநாதன், இது படமா, ஓவியமா?" அம்மாவின் குரல் உயரவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற முதல்வரின் முகம் மாறியது. "நெட்ல எங்கிருந்தாவது இறக்கினதா?" என்று முதல்வர் கேட்டார்.

சாருக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. கூட்டத்துக்கு மேலே என்னைத் தேடினார், கண்டார், உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டார். "நான் எடுத்ததுதான் மேடம். பெரிசு பண்ணும்போது நான் சரியாப் பார்க்கல. தப்பு என்னோடது" என்றார்.

நான் பேசியிருக்க வேண்டும். வாயில் பாதி வடை இருந்தது. அதை முழுங்குவதற்குள் அவர்கள் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்கள். வடை மேல் பழி போடுகிறேன். முழுங்கிய பிறகும் நான் பேசவில்லை என்பதுதான் நிஜம்.

லேபுக்குத் திரும்பி பாயிடம் சொன்னேன். மரியாதையாகப் பேசப்போகிறார் என்று காத்து நின்றேன்.

"எத்தன?" என்றார்.

"பதினேழு பாய்."

"அந்த ஹைட்ரஜன் படத்த மட்டும், ஒண்ணும் தொடாம, கறுப்பு வெள்ளையில ஒரு பிரிண்ட் போடு. அந்தம்மா சாயங்கால பிளைட்டு. வா."

ஆட்டோ பிடித்தோம். அவனியாபுரம் தாண்டும் வரை ஈரம் காய்வதற்காகப் பிரிண்டை இரண்டு கையாலும் வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டே போனேன். எதிரே வந்த ஷேர் ஆட்டோக்காரர், "ஏக்கா, கைய உள்ள வைங்க!" என்று கத்தினார்.

விமான நிலைய வாசலில் அந்த அம்மா காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். வழியனுப்ப வந்த ஜெகநாதன் சார் எங்களைப் பார்த்ததும் திகைத்து நின்றார். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அம்மா, அந்தக் கறுப்பெல்லாம் அழிச்சது நான். லேப்ல வேல பாக்குறேன். சாருக்குத் தெரியாது. இந்தா பாருங்க, சார் எடுத்ததுல இருக்கு." பிரிண்டை நீட்டினேன். ஒரு மூலையில் என் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இதழ்கள் மேல் எல்லாம் இருந்தன, சங்கிலி மாதிரி.

"ஏன் அழிச்சீங்க?"

"தூசின்னு நெனச்சேம்மா."

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஏதோ தளர்ந்தது. "தூசிதான்" என்றார். "நீங்க நினைச்சது சரி. ஆனா கேமராவுல இல்ல, அங்கேயே இருக்கு. ஒவ்வொண்ணும் நம்ம சூரியக் குடும்பத்தைவிடப் பெரிய தூசி மேகம். சிலதுக்குள்ள நட்சத்திரமே உருவாகலாம்."

பருவென்று நினைத்து ஒரு சூரியனைப் பிறக்கவிடாமல் செய்திருக்கிறேன். ஒன்றல்ல, பதினேழு.

"எல்லாத்தையும் திரும்ப வைக்க முடியுமா?"

"எது எது எங்கன்னு எனக்குத் தெரியும்மா."

"அப்ப வச்சு எனக்கு அனுப்புங்க. பாத்துட்டு முதல்வருக்கு எழுதறேன்." பிறகு சாரிடம் திரும்பி, "கலர் சேர்த்தது யாரு? நட்சத்திரத்துல வளையமே இல்லையே, எப்படி?" என்று கேட்டார். சார் என்னைக் காட்டினார். நான் இரண்டில் எது பிரகாசமோ அதை எடுக்கும் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று பாய்தான் நிறுத்தினார்.

திரும்ப வைப்பது என்று வாயால் சொல்லிவிட்டேன். ஒட்டிய துண்டை எடுத்து மூலத்தை வைத்தால் ஓரம் தெரிந்தது. முதலிலிருந்து முழுவதையும் மறுபடி செய்தேன். ஊர் வெளிச்சத்தைக் கழித்து, சமப்படுத்தி, சேர்த்து, கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எதையும் துடைக்காமல் ஒரு பெரிய படத்தை அச்சுக்கு அனுப்பியது என் வேலைக்காலத்தில் அதுதான் முதல் முறை. விரல் அரித்தது.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. சாருக்கு மாடியில் இடம் கிடைத்தது. அவர் கேட்ட பெரிய மேடை அல்ல, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மூலை. அதற்கே அவர் இனிப்பு வாங்கிக்கொண்டு லேபுக்கு ஓடி வந்தார். எங்கள் இருவரையும் தோட்டத்துக்கு அழைத்தார். "இம்புட்டு நாள் அதோட மல்லுக்கட்டுனீங்க, நேர்ல ஒரு தடவ பாக்க வேணாமா?"

மார்ச் மாதம். திருவாதவூர்த் தோட்டத்தில் பொழுது சாய்ந்து ஏழரை மணி. ரோஜா உச்சந்தலைக்கு மேலே இருக்கிறது என்றார் சார். டெலஸ்கோப் ஒரு முழ நீளம்தான் இருந்தது. இதற்குள்ளா அவ்வளவும் அடங்கியது என்று நம்ப முடியவில்லை. முதலில் பாய் குனிந்தார். ஒரு கண்ணை மூடினார், நெடுநேரம் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்! என்னா சிவப்பு!" என்றார்.

அடுத்து நான். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஆறேழு நட்சத்திரங்கள். சுற்றி இருட்டு. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஆறேழு நட்சத்திரங்கள். ரோஜாவும் இல்லை, சிவப்பும் இல்லை. பாய்க்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே, இனி கண் டாக்டரிடம்தான் போக வேண்டும் என்று பயம் வந்தது. சார் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் சார், பிரமாதம் என்று சொல்ல வாயெடுத்தேன், அந்தப் பதினேழு நினைவுக்கு வர நிறுத்திக்கொண்டேன்.

"சார், கோவிச்சுக்காதீங்க. எனக்கு ஆறேழு நட்சத்திரந்தான் தெரியுது. வேற ஒண்ணுமே தெரியல."

சார் கைதட்டினார். "கரெக்ட்! கண்ணுக்கு அம்புட்டுத்தாம்மா தெரியும். அந்தச் சிவப்பு இந்தக் கண்ணாடியில யாருக்குமே தெரியாது."

நான் பாயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?"

"கஸ்டமர்ம்மா" என்றார் தாழ்ந்த குரலில். "ஆசையாக் காட்டுறாரு. தெரியலன்னு எப்படிச் சொல்றது?"